சத்தம் சேர்ப்பவர்

சும்மா இருப்பதைச் சும்மா இருக்க விடாத மனித ரகம் ஒன்று உண்டு. உங்களுக்கு அவரைத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள், குடும்பத்துக்கு ஒருவராவது ஒதுக்கப்பட்டிருக்கிறார். நீங்கள் ஆசையாக எடுத்த போட்டோவைக் காட்டினால் "கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டினா எங்கேயோ போயிடும்" என்பார். நீங்கள் எழுதிய விடுப்பு விண்ணப்பத்தை வாங்கிப் படித்துவிட்டு "உருக்கம் பத்தல" என்பார். காய்ச்சல் என்று படுத்தால் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, பார்க்க வருகிறவர்களிடம் உங்கள் காய்ச்சலை இரண்டு டிகிரி ஏற்றிச் சொல்வார். பொய்யர் என்று நினைத்துவிடாதீர்கள். பொய்யருக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கும். இவருக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. இந்த உலகம் எல்லாவற்றையும் அரைகுறையாக விட்டுவிட்டுப் போகிறதே என்று மனசு கேட்காது, அவ்வளவுதான்.

எனக்கு ஒதுக்கப்பட்டவர் என் அக்காவின் கணவர். எனக்கு அத்தான். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவில் வேலை. மற்றவர்கள் சிரமப்பட்டுத் தயாரிக்கும் ஸ்லைடுகளில் அம்புக்குறிகளைப் பறக்கவிடுவதும், எழுத்துகளை ஒவ்வொன்றாகக் குதிக்க வைப்பதும், கடைசியில் "நன்றி" என்ற சொல்லைச் சுற்றிப் பூத்தூவுவதும் அவர் பொறுப்பு. இந்தக் குதியாட்டத்தால் ஒரு பாலிசியாவது கூடுதலாக விற்றதா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்தக் கேள்வியையும் குதிக்க வைத்திருப்பார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் அந்த மென்பொருள் வந்து சேர்ந்தது.

விஷயம் இதுதான். சத்தமே இல்லாத ஒரு வீடியோவை அதனிடம் கொடுத்தால், அது படத்தைப் பார்த்துத் தானாகவே சத்தம் போட்டுத் தரும். யாராவது நடந்தால் காலடிச் சத்தம், குழாய் திறந்தால் தண்ணீர்ச் சத்தம், மரம் ஆடினால் காற்றுச் சத்தம். லட்சக்கணக்கான வீடியோக்களை அதற்குக் காட்டிப் பழக்கியிருக்கிறார்களாம். எந்தக் காட்சி வந்தால் எந்தச் சத்தம் வரும் என்று அது கற்றுக்கொண்டுவிட்டதாம். அங்கே உண்மையில் என்ன சத்தம் கேட்டது என்பது அதற்குத் தெரியாது. இந்த மாதிரி இடத்தில் வழக்கமாக என்ன கேட்கும் என்பது மட்டும்தான் தெரியும். அதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லும். அத்தானுக்கும் அதற்கும் பார்த்த உடனேயே பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன?

"கண்ணால பாக்குறது பாதிதான் மாப்ள" என்றார் என்னிடம். "சத்தம் வந்தாத்தான் உயிர் வரும்."

உயிர் கொடுக்கும் வேலை வீட்டிலேயே தொடங்கியது. மகள் முதன்முதலில் நடந்தபோது எடுத்த வீடியோ ஒன்று இருந்தது. அந்தக் காலத்துப் போனில் மைக் பழுது, ஆகவே சத்தம் இல்லாத வீடியோ. அத்தான் அதைக் கொடுத்தார். பளபளப்பான தரையைப் பார்த்த மென்பொருள் தீர யோசித்து, பூட்ஸ் சத்தம் போட்டது. என் அக்கா மகள் வாழ்க்கையின் முதல் நான்கு அடிகளை எல்லைக் காவல்படை மாதிரி எடுத்து வைத்து, பிறகு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததற்கு ஒரு மூட்டை விழுந்த சத்தம்.

அடுத்தது என் அப்பா. அவர் நாற்காலியில் சாய்ந்தபடி பிஸ்கட் சாப்பிடும் வீடியோ. அதற்குச் சரளைக் கல் மேல் லாரி ஏறுகிற சத்தம் வந்தது. அப்பா அதை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "நான் இப்படியா திங்கிறேன்?" என்று கேட்டார்.

"இதைத்தானே இத்தனை வருஷமா நான் சொல்லிட்டிருக்கேன்" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து அப்பா பிஸ்கட்டை டீயில் ஊறவைக்காமல் தொடுவதில்லை. பாருங்கள், அவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்பதை அவரே அறுபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் நம்பியது மென்பொருளை.

அக்காவையும் விடவில்லை. பால்கனியில் அவள் துணி மடிப்பதை எடுத்து, சத்தம் சேர்த்து, குடும்பக் குழுவில் போட்டார். படபடவென்று ஏதோ இறக்கை அடித்துக்கொண்டது. "ஏங்க, நான் துணி மடிக்கிறேனா, புறா விரட்டுறேனா?" என்று கேட்டாள் அக்கா. "அதுல ஒரு இயக்கம் இருக்கு பாரு" என்றார் அத்தான். அக்கா அந்த இயக்கத்தோடு எழுந்து சமையலறைக்குப் போனாள்.

இதுவரை யாருக்கும் சேதமில்லை. அப்பாவின் மானம் கொஞ்சம் போயிற்று, அது ஏற்கெனவே வீட்டுக்குள் போன மானம்தான். இனிமேல் நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கா குடியிருக்கும் அடுக்கு மாடிக் கட்டடத்தில் எனக்கும் ஒரு வீடு, இரண்டு தளம் கீழே. மூன்றாம் தளத்தில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர். ஓய்வுபெற்று எத்தனையோ வருடமாகியும் எல்லோருக்கும் அவர் மேனேஜர்தான், அவருக்கும் அவர் மேனேஜர்தான். புதுக் கார் வாங்கியிருந்தார். அதன் மேல் ஒரு இலை விழுந்தால் மரத்தின் மீது நடவடிக்கை எடுக்கத் துடிக்கிறவர். ஒரு நாள் மாலை கீழே இறங்கி வந்து பார்த்தால், ஓட்டுநர் பக்கக் கதவில் ஒரு நசுங்கல்.

கட்டடமே இறங்கி வந்து பார்த்தது. ஒவ்வொருவராகக் குனிந்து, விரலால் தடவி, நாக்கால் ச்சு கொட்டிவிட்டு நகர்ந்தார்கள். வாகன நிறுத்தத்தில் கேமரா இருக்கிறது, யார் இடித்தார்கள் என்று அதில் பார்த்துவிடலாம் என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அந்த வீடியோவை எடுத்து, வேண்டிய பகுதியை வெட்டி, கூட்டத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி டிவியில் போட்டுக் காட்ட, கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் வேண்டும்.

யாரிடம் கொடுத்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, தரைத்தளத்துப் பொது அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் டிவி, மூலையில் யாரும் விளையாடாத கேரம் பலகை. முன்வரிசையில் மேனேஜர். அத்தான் லேப்டாப்பை இணைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொஞ்சம் மெருகேத்தியிருக்கேன்" என்றார். நாற்காலிகளை இழுக்கிற சத்தத்தில் அது பலருக்குக் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கும் வெளிச்சம், நிறம் என்று ஏதோ தோன்றியிருக்கும்.

படம் ஓடியது. மதிய நேரம். மேனேஜரின் கார் மெல்ல உள்ளே வருகிறது. பூனை உறுமுவது போல மிருதுவான எஞ்சின் சத்தம். "என் வண்டி" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார் மேனேஜர். கார் தூண் ஓரமாக நிற்கிறது. மேனேஜர் காதில் போனோடு இறங்குகிறார், பையை எடுக்கிறார், பேசிக்கொண்டே போகிறார். படத்தின் ஓரத்தில் ஒரு செடித்தொட்டி இருந்தது. அதைப் பார்த்ததும் மென்பொருளுக்கு மனசு இளகியிருக்க வேண்டும். எங்கிருந்தோ ஒரு குயில் கூவியது. பின்னாலேயே இன்னொன்று பதில் சொன்னது.

"நம்ம பார்க்கிங்கா இது, எவ்வளவு அமைதியா இருக்கு" என்றார் முதல் தளத்து ஆசிரியை.

பிறகு ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஓட்டியவள் எங்களுக்கெல்லாம் தெரிந்தவள். வீடு வீடாகப் பார்சல் கொண்டு வருகிறவள், பார்சலம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். டுர்ர்ர் என்று வண்டி வந்தது, பின்னால் கட்டியிருந்த பெரிய பெட்டி ஆடியது, தூணுக்கும் காருக்கும் நடுவே திரும்பியது.

டொம்.

அறை முழுக்க ஒரு முறை மூச்சு இழுத்தது. என்ன டொம் தெரியுமா அது? ஆழமான டொம். தகரம் உள்வாங்குகிற ஓசையும், கடைசியில் கண்ணாடி லேசாக அதிர்வதும் அதிலேயே இருந்தன. மேனேஜர் தன் விலாவைப் பிடித்துக்கொண்டார்.

"திரும்பப் போடுங்க" என்றார் செயலாளர்.

திரும்பவும் டொம். இன்னொரு முறை, இன்னொரு டொம். நான்காவது முறை வருவதற்குள் கூட்டத்துக்குக் கண் கூர்மையாகிவிட்டது. "பாருங்க, இடிச்சதும் அந்தப் பொண்ணு தோளைக் குறுக்குது." "திரும்பிப் பாக்காம போறா பாருங்க, அங்கதான் இருக்கு விஷயம்." "முழிய கவனிங்க." முகம் முழுக்க ஹெல்மெட் போட்டிருக்கும் பெண்ணின் முழியை எப்படிக் கவனிப்பது? அவர்கள் கவனித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு வேலைதான். அந்த நேரம் பார்த்து இரண்டாம் தளத்துக்கு ஏதோ கொண்டு வந்தவளை வாசலிலேயே நிறுத்தி, உள்ளே கூப்பிட்டார்கள். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். அவளுக்காக ஐந்தாவது முறை போட்டுக் காட்டினார்கள்.

"நான் இடிக்கல சார்" என்றாள்.

"அப்ப இந்தச் சத்தம்?" என்றார் மேனேஜர்.

"தெரியல. அன்னிக்கு எனக்கு அப்படி எதுவும் கேக்கல."

"இத்தனை பேருக்குக் கேக்குது. உனக்கு மட்டும் கேக்கலையா?"

"சார், இடிச்சிருந்தா இடிச்சேன்னு சொல்லிட்டுத் திட்டு வாங்கிட்டுப் போவேன். எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல. செய்யாததை எப்படி ஒத்துக்கிறது?"

செயலாளர் நிதானமான மனிதர். நிதானமாகவே சொன்னார்: "ஒத்துக்கலைன்னா உங்க கம்பெனிக்குப் புகார் அனுப்புறோம். அவங்க விசாரிக்கட்டும்."

"அவங்க எங்க சார் விசாரிப்பாங்க? புகார் வந்தா அன்னைக்கே கணக்கை மூடிருவாங்க. மறுநாள் போன்ல ஆர்டரே வராது. யார்கிட்ட போய்ப் பேசுறது?" குரல் உடையவில்லை. ஆனால் ஹெல்மெட்டின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள், விரல் நுனி வெளுத்துப்போகிற அளவுக்கு.

நான் அத்தானைப் பார்த்தேன். முதல் டொம்முக்கு அவர் முகத்தில் இருந்தது பெருமை. அதை ஒளிக்க முடியாது, தன் பிள்ளை மேடையில் பாடும்போது அப்பன் முகத்தில் இருக்கும் அதே பெருமை. இரண்டாவது டொம்முக்கு அது கொஞ்சம் அசைந்தது. மூன்றாவதுக்குள் விஷயம் உள்ளே இறங்கிவிட்டது. இப்போது லேப்டாப் திரையை முறைத்தபடி நின்றார், அதில் ஏதோ பழுது பார்க்கிறவர் போல. வாயைத் திறந்தார். மூடினார். "பிரமாதமா பண்ணியிருக்கீங்க சார், தெளிவா கேக்குது" என்று செயலாளர் கையைக் குலுக்கி இன்னும் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லையே.

அப்போதுதான் நடு வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள்.

"ஒரு நிமிஷம். இவங்க வண்டி பேட்டரி வண்டிதானே?"

"ஆமாக்கா" என்றாள் பார்சலம்மா.

"அது வர்றதே தெரியாது. பெல் அடிச்சாத்தான் இவங்க வந்திருக்காங்கன்னே எனக்குத் தெரியும். அதுக்கு எங்கேர்ந்து டுர்ர்ருன்னு சத்தம்?" அக்கா தன் கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க."

ஒரு மனைவி சொல்லும் "ஏங்க"வில் பல வகை உண்டு. காய்கறி வாங்கி வரச் சொல்லும் ஏங்க வேறு, விருந்தாளி கிளம்பிவிட்டாரா என்று கேட்கும் ஏங்க வேறு. இது கல்யாணமான நாளிலிருந்து அத்தான் இரண்டு மூன்று தடவைதான் கேட்டிருக்கக்கூடிய ஏங்க.

"சத்தம் நான் சேர்த்தது" என்றார் அத்தான்.

"எந்தச் சத்தம்?" என்றார் செயலாளர்.

"எல்லாம். அந்தக் கேமராவுல சத்தமே பதிவாகாது. சும்மா பாத்தா யாரும் உக்காந்து பாக்க மாட்டாங்களேன்னு..."

"குயில்?"

"குயிலும்தான்."

"டொம்?"

அத்தான் கொஞ்சம் தயங்கினார். "அதை நான் போடல. அதுவா போட்டுக்கிச்சு. சின்ன இடத்துல வண்டி திரும்பினா இடிக்கும்னு அதுக்கு ஒரு பழக்கம். அந்தப் பொண்ணு இடிச்சாங்களான்னு அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது." அப்புறம் பார்சலம்மாவைப் பார்த்து, "முதல் தடவையே சொல்லியிருக்கணும்மா. சொல்லல" என்றார். இவ்வளவு மெருகில்லாத ஒரு வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார். படத்தை மறுபடி ஓட்டினார்.

அதே ஸ்கூட்டர், அதே தூண், அதே கார். பெட்டிக்கும் கதவுக்கும் நடுவே வெயில் விழுந்து கிடந்தது. ஒரு கையை நீட்டி நுழைக்கலாம், அவ்வளவு இடம். முதலிலிருந்தே அந்த இடம் அங்கேதான் இருந்தது. வண்டி அதன் வழியே திரும்பிப் போய்விட்டது.

யாரும் கேட்காமலேயே அத்தான் படத்தை ஆரம்பத்துக்குக் கொண்டு போனார். சத்தமில்லாமல் கார் வந்தது. சத்தமில்லாமல் நின்றது. மேனேஜர் தலையைச் சாய்த்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, இரண்டு கையிலும் பையைப் பிடித்துக்கொண்டு, கதவை அகலத் திறக்கக் காலால் ஒரு தள்ளு தள்ளினார். கதவு போய்த் தூணில் மோதித் திரும்பி வந்தது. கார் முழுவதும் ஒரு குலுங்கு குலுங்கியது. மேனேஜர் போனில் யாருக்கோ எதையோ அழுத்தமாக விளக்கிக்கொண்டே படத்தை விட்டு வெளியே போனார். இந்த இடத்தில்தான் சற்று முன்பு குயில் கூவியிருந்தது. நாங்கள் எல்லோரும் அதைக் கேட்டு ரசித்திருந்தோம்.

"அப்ப இதுதான்..." என்று பின்வரிசையில் யாரோ ஆரம்பித்து, மிச்சத்தை விழுங்கினார்கள்.

மேனேஜர் எழுந்தார். "என் கதவு இடிச்சிருந்தா சத்தம் கேட்டிருக்குமே. கேக்கலையே" என்றார்.

"சத்தத்தை நிறுத்தி வச்சிருக்கோம் சார்" என்றார் செயலாளர்.

"அதுக்கு முன்னாடி போட்டப்பவும் கேக்கலையே. குயில்தானே கேட்டுச்சு?"

செயலாளர் டீ வந்துவிட்டதாக அறிவித்தார். நன்றாக நடந்து முடிந்த எந்தக் கூட்டத்தையும் போல இந்தக் கூட்டமும் டீ இருந்த மேசையை நோக்கி நகர்ந்தது. புகார் அனுப்பும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கும் பேச்சையும் எடுக்கவில்லை. ஆசிரியை மட்டும் பார்சலம்மாவிடம் ஒரு கோப்பையை நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு நேராக அத்தானிடம் வந்தாள்.

"சார், எனக்கு ஏதாச்சும் சத்தம் சேத்தே ஆகணும்னா ஒண்ணு கேக்கிறேன்" என்றாள். "உங்க வீட்டு பெல்லுக்கு நல்ல சத்தமா ஒண்ணு போடுங்க. மூணு தடவை அடிச்சாலும் நீங்க கதவு திறக்கிறது இல்ல."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனாள். அவள் வண்டி கிளம்பியது எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

அத்தான் லிஃப்டில் ஏறாமல் படியில் ஏறினார். நானும் கூடவே ஏறினேன். என் வீட்டு வாசலில் நின்று, "உங்கக்கா மட்டும் எந்திரிக்கலைன்னா நான் சொல்லியிருப்பேனா மாப்ள?" என்று கேட்டார். சொல்லியிருப்பீர்கள் அத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அது எனக்கே கொஞ்சம் மெருகாகப் பட்டது. சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். அவரும் பதிலுக்கு நிற்காமல் மேலே போய்விட்டார்.

அதன் பிறகு குடும்பக் குழுவுக்கு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு மாலை நான் போனபோது சோபாவில் உட்கார்ந்து மகளின் அந்தப் பழைய வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார், பூட்ஸ் இல்லாமல், எடுத்தபடியே. குழந்தை சத்தமில்லாமல் நான்கு அடி வைத்து, சத்தமில்லாமல் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து வாயைத் திறந்து சிரித்தது. "இப்படிப் பாத்தா இன்னும் சின்னதா தெரியுறா இல்ல?" என்றார். அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, அடுப்பைக் குறைத்தாள்.

திருந்திவிட்டார் என்று கதையை இங்கே முடித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். போன வாரம் அப்பா தூங்குகிற வீடியோ ஒன்று குழுவில் வந்து விழுந்தது. பின்னணியில் கடல் அலை. "இது ரொம்ப லேசாத்தான் மாப்ள" என்று கீழே ஒரு குறிப்பு. உண்மையான குறட்டையை விட இது பரவாயில்லை என்று அம்மாவும் ஒப்புக்கொண்டாள்.

மேனேஜரை லிஃப்டில் பார்க்கிறேன். காரைச் சரிசெய்துவிட்டார். "ஆயிரம் சொல்லுங்க, அந்த டொம்மை நான் என் காதால கேட்டேன்" என்கிறார். கட்டடத்தில் பாதிப் பேர் அவர் கட்சி. அவர்களிடம் மென்பொருள், பழக்கம், பேட்டரி என்று என்ன விளக்கினாலும் கடைசியில் தலையை ஆட்டி, "இருந்தாலும் கேட்டுச்சே" என்கிறார்கள்.

நீங்கள் அவர்களை நினைத்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் அந்த மென்பொருள் இல்லை, அதை எங்கே வாங்குவது என்றும் தெரியாது, வயர் பிடுங்கினால் திரும்பச் சொருகக்கூட வராது. ரொம்ப நல்லது. ஆனால் எதிர்வீட்டுத் தம்பதி நேற்று ஏதோ மனஸ்தாபத்தில் இருந்ததை இன்று காலை அலுவலகத்தில் நீங்கள் சொன்னபோது நானும் பக்கத்து மேசையில்தான் இருந்தேன். "கதவைப் படார்னு சாத்திட்டுப் போனா" என்றீர்கள். நான்கு பேர் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள். கேட்பதற்கு அருமையாகத்தான் இருந்தது. உங்கள் ஜன்னல் மூடியிருந்தது, மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, அந்தப் பெண் கதவைச் சாத்தியதை நீங்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தீர்கள், அதுவும் வாஸ்தவம்தான்.

அந்தப் படார் மட்டும் யாருடையது?